துவாஸ் பாலம் தாண்டி மலாக்கா

சிங்கப்பூரில் மோட்டார்சைக்கிள் வைத்திருப்பவர் எல்லை தாண்டி முதல் நெடும்பயணம் போக நினைத்தால், மலாக்காவுக்குப் போகச் சொல்வேன். கோலாலம்பூர் முதல் பயணத்துக்குச் சற்றுத் தொலைவு. ஜோகூர் பாரு மிக அருகில். மலாக்கா ஏறத்தாழ 230 கிலோமீட்டர். காலையில் புறப்பட்டு, இரண்டு இடத்தில் இறங்கிக் கால் நீட்டி, மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். சாலை நல்ல சாலை. வடக்கு-தெற்கு விரைவுச்சாலையில் மோட்டார்சைக்கிளுக்குச் சாலைக் கட்டணம் கிடையாது. போய்ச் சேரும் ஊரோ, அறுநூறு ஆண்டுகளாக வெளியூர்க்காரர்களை வரவேற்றே வளர்ந்த ஊர். அப்படி வந்தவர்களில் தமிழர்களும் உண்டு. அவர்களுடைய கோயிலும் குடியிருப்பும் இன்றும் அங்கே இருக்கின்றன.

காலையில் போய் இரவே திரும்புகிறவர்கள் பலர். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். களைத்த உடம்போடு இருட்டில் லாரிகளுக்கு நடுவே 230 கிலோமீட்டர் திரும்பி வருவது ஆபத்து. ஊரையும் சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஓர் இரவு தங்குங்கள். போகும்போது விரைவுச்சாலை, வரும்போது கரையோரச் சாலை. பழைய நகருக்குள் இருக்கும்வரை வண்டிக்கு ஓய்வு கொடுத்து நடந்து பாருங்கள். இந்த அத்தியாயம் அந்தத் திட்டத்தையே பின்பற்றுகிறது.

புறப்படுமுன்

கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டை தேவையில்லை. நிரந்தரவாசிகளும் வேலை அனுமதி வைத்திருக்கும் இந்தியக் குடிமக்களும் அதை நிரப்ப வேண்டும். பயண நாளுக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்பலாம், கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல, வெளியேறிவிடுங்கள். இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் முதல் விசா விலக்கு அளித்துவருகிறது. இது காலவரையறை வைத்து நீட்டிக்கப்படும் சலுகை என்பதால், புறப்படும் வாரத்தில் குடிநுழைவுத் துறையின் தளத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

வண்டி உங்கள் பெயரில் இருந்தால் பதிவு விவரமும் காப்பீட்டுச் சான்றும் போதும். நண்பருடைய வண்டி என்றால் அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் வேண்டும். வாடகை வண்டி என்றால், மலேசியாவுக்கு எடுத்துச் செல்லலாம் என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள், வாய்ச்சொல் போதாது. காப்பீடு மேற்கு மலேசியாவுக்குப் பொருந்துமா, வழியில் நின்றுபோன வண்டியை இழுத்துவரும் செலவை ஏற்குமா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ஆம் என்ற பதில் வரும். இரண்டாவதுக்குப் பலருடைய காப்பீட்டில் இடமில்லை. யோங் பெங்கில் வண்டி நின்றால் அங்கிருந்து சிங்கப்பூர்வரை இழுத்துவர ஆகும் செலவு, சின்ன வண்டியின் விலையில் ஒரு பங்கை விழுங்கிவிடும்.

சிங்கப்பூர் வாகனங்களுக்கான மலேசிய நுழைவு அனுமதி விதி 2025 ஜூலை முதல் கடுமையாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. இல்லாமல் பிடிபட்டால் 300 ரிங்கிட் அபராதம். கார்களை முன்வைத்துத் தொடங்கிய விதி இது. உங்கள் வண்டிக்கு இன்று என்ன நிலை என்பதை மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையின் தளத்தில் பார்த்துவிட்டே கிளம்புங்கள். மலேசியாவில் பழைய சம்மன் பாக்கி இருந்தால் அதையும் கட்டிவிடுங்கள்.

இனி வண்டி. நாள்தோறும் வேலைக்கு ஓட்டும் வண்டிதானே என்று சும்மா இருக்காதீர்கள். ஊருக்குள் பத்து, பதினைந்து கிலோமீட்டர் ஓடும்போது தெரியாத குறை, நூறு கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு மணி நேரம் ஓடும்போது வெளியே வரும். டயரின் காற்றைக் குளிர்ந்த நிலையில் பாருங்கள். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின்டயருக்கு எவ்வளவு காற்று என்பது வண்டியின் கையேட்டிலேயே இருக்கும், அதன்படி நிரப்புங்கள். சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விட்டு, தொய்வு சரியா என்று பாருங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். டியூப் இல்லாத டயர் என்றால் பஞ்சர் அடைக்கும் பெட்டி ஒன்றும் கையடக்கக் காற்றடைப்பான் ஒன்றும் இருக்கைக்கு அடியில் இருக்கட்டும். வட்டுப் பிரேக்கில் மாட்டும் பூட்டு கட்டாயம் வேண்டும். மலேசியாவில் வண்டித் திருட்டு உண்டு. சிங்கப்பூர் எண் பலகை கண்ணில் படும்.

கப்சாய் என்று நாம் சொல்லும் சின்ன வண்டியில் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகப் போகலாம். ஜோகூர் இளைஞர்கள் அதில்தான் நாடு முழுக்கச் சுற்றுகிறார்கள். ஆனால் அதன் பெட்ரோல் தொட்டி 4 லிட்டர் அளவுதான். விரைவுச்சாலையில் விசை முறுக்கி ஓட்டினால் நினைத்ததைவிடச் சீக்கிரம் காலியாகும். பாதித் தொட்டிக்குக் கீழே இறங்கவிடாமல், ஒவ்வொரு ஓய்வுத் தளத்திலும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

மழைக்கான உடுப்பைப் பையின் அடியில் வைக்காதீர்கள். மேலாக வையுங்கள். தீபகற்பத்தின் மேற்குக் கரையில் பிற்பகல் இடிமழை ஆண்டு முழுக்க உண்டு. அக்டோபரும் நவம்பரும் மிக மோசம். டிசம்பர், ஜனவரியில் ஜோகூரின் தாழ்வான பகுதிகளில் வெள்ளம் வருவதும் உண்டு. பிப்ரவரி முதல் ஆகஸ்ட்வரை உள்ள மாதங்களே இந்தப் பயணத்துக்கு ஏற்றவை.

எந்த நாள், எந்தப் பாலம்

உட்லண்ட்ஸ் கடற்பாலம் 1 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம். 1923இல் ரயில் போகத் தொடங்கிய பாலம் அது. துவாஸ் இரண்டாம் இணைப்பு 1998இல் திறக்கப்பட்டது; நீளம் ஏறத்தாழ 1.9 கிலோமீட்டர். மலாக்காவுக்குப் போகிறவர் துவாஸையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உட்லண்ட்ஸ் வழியாகப் போனால் ஜோகூர் பாருவின் நகர நெரிசலில் சிக்கித்தான் விரைவுச்சாலையை அடைய வேண்டும். துவாஸ் வழியில் பாலம் இறங்கியதும் கேலாங் பாத்தா. அங்கிருந்து இணைப்பு விரைவுச்சாலை நேராகச் செனாய்க்கு வடக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இரண்டாம் இணைப்பில் மலேசியா மோட்டார்சைக்கிளுக்கு வாங்கிவந்த கட்டணத்தையும் 2019 ஜனவரி முதல் நீக்கிவிட்டது.

எல்லையின் நெரிசலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. வேலை நாள்களில், விடிவதற்கு முன்பே ஜோகூரிலிருந்து பல்லாயிரம் தொழிலாளர்கள் மோட்டார்சைக்கிளில் சிங்கப்பூருக்குள் வருகிறார்கள்; மாலையில் திரும்புகிறார்கள். நீங்கள் காலையில் எதிர்த்திசையில் போகிறவர். ஆகவே விடுப்பு எடுக்க முடிந்தால் வியாழன் காலை கிளம்பி வெள்ளி மதியம் திரும்புவது மிகவும் வசதி. வார இறுதியில்தான் முடியும் என்றால் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே துவாஸில் இருங்கள். முன்பு ஜோகூர் மாநிலத்துக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. 2025 ஜனவரி முதல் அவர்களும் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டார்கள். இரண்டு பக்கத்து விடுமுறையும் ஒன்றாகிவிட்டதால் ஞாயிறு மாலைக் கூட்டம் கூடியிருக்கிறது. பள்ளி விடுமுறை தொடங்கும் வெள்ளியும், நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளியை ஒட்டிய நாள்களும் இந்தப் பயணத்துக்கு ஆகாதவை.

சோதனைச்சாவடியில் மோட்டார்சைக்கிளுக்குத் தனிப்பாதை. சிங்கப்பூர்ப் பக்கத்தில் குடிநுழைவு ஆணையத்தின் கைப்பேசிச் செயலியில் கியூஆர் குறியீட்டை முன்கூட்டியே எடுத்துவைத்துக்கொண்டால் கடப்பிதழை நீட்ட வேண்டிய அவசியம் இருக்காது. என்றாலும் கடப்பிதழ் கையெட்டும் இடத்தில்தான் இருக்க வேண்டும். பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, வரிசையில் நின்றபடி பின்னால் இருப்பவரை இறக்கித் தேடுவது எல்லாருக்கும் தொல்லை. மலேசியப் பக்கத்தில் அதிகாரி முத்திரை பதித்தால், பதிந்ததா என்று அங்கேயே ஒரு பார்வை பார்த்துவிட்டு நகருங்கள். முத்திரை விடுபட்டது திரும்பும்போது தெரிய வந்தால் விளக்கம் சொல்லி முடிக்க நேரமாகும்.

விரைவுச்சாலை

வேக வரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர். முன்விளக்கு பகலிலும் எரிய வேண்டும். மலேசியா இதை 1992இலேயே சட்டமாக்கியது. கட்டணச் சாவடி வரும் இடங்களில் இடது ஓரமாக மோட்டார்சைக்கிளுக்கு ஒடுக்கமான பாதை இருக்கும். அங்கே வேகத்தைக் குறைத்து நுழையுங்கள். வளைவும் மணலும் அந்த இடத்தில்தான்.

செனாயைத் தாண்டியதும் இருபுறமும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் தொடங்கி, மைல்கணக்கில் தொடரும். காட்சி மாறாத இந்த நீளம்தான் ஓட்டுநருக்குச் சோதனை. கண் சொருகத் தொடங்கினால் அடுத்த ஓய்வுத் தளம்வரை தள்ளிப் போடாமல் உடனே வேகத்தைக் குறைத்து, பின்னால் இருப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள். முதல் வெளிவழியில் இறங்கிவிடுங்கள். பெரிய லாரியைக் கடக்கும்போது அதன் பக்கவாட்டில் காற்று ஒரு கணம் அடங்கி, முன்பகுதியைத் தாண்டியதும் சட்டென்று மோதும். சின்ன வண்டியை ஓர் அடி நகர்த்திவிடும் அளவுக்கு வலுவான காற்று அது. கைப்பிடியை இறுக்காமல், உடம்பை முன்சாய்த்து, லாரிக்கும் உங்களுக்கும் இடைவெளி விட்டே கடந்துசெல்லுங்கள்.

அவசரப் பாதையில் உள்ளூர் மோட்டார்சைக்கிள்கள் ஓடுவதைப் பார்ப்பீர்கள். அதைப் பின்பற்ற வேண்டாம். நின்றுபோன லாரி, கழன்று விழுந்த டயர்த் துண்டு எல்லாம் அங்கேதான் கிடக்கும். மழை பிடித்தால் மேம்பாலங்களுக்கு அடியில் மோட்டார்சைக்கிளோட்டிகளுக்கென்று அமைத்த ஒதுங்குமிடங்கள் இருக்கின்றன. அங்கே சாலையை விட்டு நன்றாக உள்ளே தள்ளி நிறுத்துங்கள். அப்படி ஒதுங்குமிடம் இல்லாத பாலத்தடியில் சாலையோரமாக நிற்பது, நனைவதைவிடப் பெரிய ஆபத்து.

மாச்சாப் ஓய்வுத் தளம் ஏறத்தாழப் பாதி வழி. காலைப் பசியாறலுக்குச் சரியான இடம். அதை விட்டால் பாகோ. பெட்ரோல் போடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: வெளிநாட்டில் பதிவான வாகனங்களுக்கு மானிய விலை 95 பெட்ரோல் கிடையாது. மலேசிய மக்களின் வரிப்பணத்தில் தரும் மானியம் அது. 97 போடுங்கள், அப்படியும் சிங்கப்பூர் விலையைவிடக் குறைவுதான். வண்டி நின்றுபோனால் விரைவுச்சாலை நிறுவனமான பிளஸ்ஸின் உதவி எண் 1800-88-0000. விபத்துக்கு 999. சாலையோரத்துக் கிலோமீட்டர்க் கல்லின் எண்ணைச் சொன்னால் சீக்கிரம் வந்துசேர்வார்கள்.

தங்காக், ஜாசின் வெளிவழிகளைத் தாண்டி ஆயர் கெரோவில் இறங்குங்கள். அங்கிருந்து பழைய நகரம் பத்து, பதினைந்து கிலோமீட்டர்.

ஊருக்குள்

தங்குமிடத்தைப் பதிவு செய்யும்போதே வண்டியை வளாகத்துக்குள் நிறுத்த இடம் உண்டா என்று கேளுங்கள். பழைய நகரத்தின் கடைவீட்டு விடுதிகள் பலவற்றில் அது கிடையாது. ஆற்றுக்குச் சற்று வெளியே, காவலாளியோடு நிறுத்துமிடம் உள்ள சாதாரண விடுதி ஒன்றே மோட்டார்சைக்கிள்காரருக்கு ஏற்றது. பழைய நகரின் தெருக்கள் ஒடுங்கியவை, பல ஒருவழி. ஜோங்கர் தெருவை வெள்ளி முதல் ஞாயிறுவரை மாலையில் இரவுச் சந்தைக்காக மூடிவிடுவார்கள். வண்டியைப் பூட்டிவிட்டு நடங்கள். முக்கிய இடங்கள் எல்லாம் ஒன்றரை கிலோமீட்டர் வட்டத்துக்குள் அடங்கிவிடும்.

நடக்கத் தொடங்குமுன், இந்த ஊர் ஏன் இங்கே உருவானது என்பதை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாய்மரக் காலத்தில் கப்பல் எப்போது கிளம்பும், எப்போது திரும்பும் என்பதைக் காற்றுதான் தீர்மானித்தது. தென்மேற்குப் பருவக்காற்று இந்தியாவிலிருந்து கப்பல்களைக் கொண்டுவந்தது. வடகிழக்குக் காற்று சீனாவிலிருந்து. இரண்டும் சந்திக்கும் குறுகிய நீரிணையில், காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க ஒரு துறைமுகம் தேவைப்பட்டது. 1400ஆம் ஆண்டு வாக்கில், சிங்கப்பூரிலிருந்து விலகி வந்த பலெம்பாங் இளவரசர் பரமேஸ்வரா அதை இந்த ஆற்று முகத்தில் நிறுவினார். காத்திருந்த வணிகர்கள் வீடு கட்டினார்கள், திருமணம் செய்தார்கள், கோயிலும் பள்ளிவாசலும் எழுப்பினார்கள். அவர்களை மேற்பார்வையிட நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். குஜராத்திகளுக்கு ஒருவர்; சோழமண்டலக் கரை, வங்காளம், பெகு ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்களுக்கு ஒருவர்; சாவகத்தவர்க்கும் சீனர்க்கும் தனித்தனியே மற்ற இருவர். இங்கே 84 மொழிகள் பேசப்பட்டதாக, போர்ச்சுகீசிய மருந்து வணிகர் தோமே பிரெஸ் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார்.

சிவப்புச் சதுக்கத்தில் தொடங்குங்கள். அங்குள்ள நகர மண்டபமான ஸ்டாட்ஹைஸ், டச்சுக்காரர்கள் 1650 வாக்கில் கட்டியது; இப்போது வரலாற்று, இனவியல் அருங்காட்சியகம். பக்கத்தில் உள்ள கிறிஸ்து ஆலயம் 1753இல் முடிந்தது. இன்று எல்லாரும் படமெடுக்கும் சிவப்பு பிற்காலத்துப் பூச்சு. மணிக்கூண்டு 1886ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சதுக்கத்தில் அலங்கார ரிக்‌ஷாக்களின் பாட்டுச் சத்தம் காதைத் துளைக்கும். காலை ஒன்பது மணிக்கு முன் போனால் அமைதியாக நின்று பார்க்கலாம்.

மண்டபத்தின் பின்புறம் படியேறினால் புனித பவுல் குன்று. போர்ச்சுகீசியர்கள் 1521இல் கட்டிய சிற்றாலயம் இங்கே கூரையின்றி நிற்கிறது. புனித பிரான்சிஸ் சேவியர் சீனக் கரையருகே காலமான பிறகு, அவரது உடல் 1553இல் கோவாவுக்குக் கொண்டுபோகப்படும்வரை இங்கேதான் புதைக்கப்பட்டிருந்தது. முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே ஊழியம் செய்தவர் அவர். தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்த குடும்பத்தினருக்கு இந்த இடம் தனி அர்த்தம் தரும். உள்சுவரில் சாய்த்து வைத்திருக்கும் கல்லறைக் கற்களை அவசரப்படாமல் பாருங்கள். ஆள் உயரக் கற்களில் டச்சுக் குடும்பங்களின் சின்னங்கள் செதுக்கியிருக்கின்றன. குன்றின் மேலிருந்து பார்த்தால் கடல் தள்ளிப்போயிருப்பது தெரியும். கரையை நிரப்பிக் கட்டிய நிலம்தான் இடையில் இருக்கிறது. ஒருகாலத்தில் குன்றின் அடிவாரத்துக்கு அருகிலேயே கடல் இருந்தது.

மறுபக்கம் இறங்கினால் சந்தியாகு வாயில். 1511 ஆகஸ்டில் அஃபோன்சோ டி அல்புகெர்க் இந்த நகரைப் பிடித்ததும் எழுப்பிய பெரும் கோட்டையில் எஞ்சி நிற்பது இந்த வாயில். மேலே உற்றுப் பார்த்தால் 1670 என்ற ஆண்டும் டச்சுக் கிழக்கிந்தியக் கும்பெனியின் சின்னமும் தெரியும். நீண்ட முற்றுகைக்குப் பிறகு 1641இல் நகரைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள், தங்கள் பழுதுபார்ப்பின் அடையாளமாக அதைப் பதித்தார்கள். அடுத்து வந்த ஆங்கிலேயர்கள் 1807 வாக்கில் கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1824 ஒப்பந்தப்படி சுமத்ராவின் பெங்கூலனைக் கொடுத்து மலாக்காவை நிரந்தரமாகப் பெற்றுக்கொண்டார்கள்.

அந்த 1511ஆம் ஆண்டின் கதையில் ஒரு தமிழ் வணிகர் வருகிறார். போர்ச்சுகீசிய ஆவணங்கள் அவரை நினா சத்து என்று குறிப்பிடுகின்றன. சுல்தானின் சிறையில் இருந்த போர்ச்சுகீசியர்களுக்கு அவர் உதவினார். நகரம் விழுந்ததும் இந்துக்களின் தலைவராக, பெண்டகாரா பதவியில் அமர்த்தப்பட்டார். சில ஆண்டுகளில் அந்தப் பதவி பறிக்கப்படவே, அவமானம் தாங்காமல் சிதை மூட்டி உயிரை விட்டார் என்று அந்த ஆவணங்களே சொல்கின்றன. வென்றவர் பக்கம் நின்றவர் என்று அவரைக் குறைகூறுவோர் உண்டு. கடலை நம்பிப் பிழைத்த வணிகருக்கு முன் அன்று இருந்த வழிகள் மிகச் சில என்றே நான் நினைக்கிறேன். அவருக்கு ஒரு நினைவுக்கல் நாட்டப்பட வேண்டும்.

ஆற்றுக்கு மறுகரை

பாலத்தைக் கடந்தால் வணிகர்கள் வாழ்ந்த பகுதி. ஹீரன் தெரு என்று பழையவர்கள் சொல்லும் துன் தான் செங் லோக் சாலையில் 8ஆம் எண் வீடு, டச்சுக்காலக் கடைவீடு எப்படி இருந்தது என்பதைக் காட்டுவதற்காகவே பழுதுபார்த்து வைக்கப்பட்டது. அதே தெருவில் பாபா-நோன்யா அருங்காட்சியகம் ஒரு செல்வக் குடும்பத்தின் வீடு. நேரம் குறைவென்றால் இரண்டில் ஒன்று போதும். நான் முதலாவதைச் சொல்வேன்.

அடுத்து துக்காங் எமாஸ் தெருவும் அதன் தொடர்ச்சியும். பொற்கொல்லர் தெரு. சில நூறு அடிக்குள் மூன்று வழிபாட்டிடங்கள். ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் 1781இல், டச்சு அரசு தமிழ்ச் செட்டி தலைவருக்கு அளித்த நிலத்தில் எழுந்தது; மலேசியாவில் இன்றும் வழிபாடு நடக்கும் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. ஒருசில வீடு தள்ளி, இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748இல் கட்டிய கம்போங் கிலிங் பள்ளிவாசல். அடுக்கடுக்கான கூரை சாவகத்துப் பாணி, மினாரா சீனப் பகோடாவைப் போன்றது. இன்னும் சற்று நடந்தால், 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த செங் ஹூன் தெங் சீனக் கோயில். இந்த அண்டைமை சுற்றுலாத் துறை உருவாக்கியதல்ல. துறைமுகத்தில் சேர்ந்து வணிகம் செய்தவர்கள் பக்கத்துப் பக்கத்து மனைகளில் சாமி கும்பிட்டார்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலக மரபுடைமை நகரங்களாக அறிவித்ததற்கு இப்படிப்பட்ட தெருக்கள் ஒரு முக்கியக் காரணம். மாசிமகத்துக்குப் பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து செங் பகுதியில் உள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குத் தேர் போகும். சிங்கப்பூர் நகரத்தார் பலரும் அதற்கு வருவார்கள். அந்த வாரம் போனால் விடுதியை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.

மறுநாள் காலை, வண்டியை எடுத்ததும் முதலில் காஜா பெராங் போங்கள். பழைய நகரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் அளவுதான். மலாக்கா செட்டிகளின் கிராமம் அங்கே இருக்கிறது. சுல்தானகக் காலத்தில் வந்த தமிழ் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான சமூகம் அது. வீட்டில் பேசுவது மலாய், உடை சாரோங் கெபாயா, சமயம் சைவம். போகியன்று முன்னோருக்கு வாழையிலையில் படையல் வைப்பதைப் பார்ச்சு என்கிறார்கள். மாம்பழம், ரம்புத்தான் காலத்தில் பழப் பார்ச்சு ஒன்றும் உண்டு. 1822ஆம் ஆண்டின் முத்துமாரியம்மன் கோயிலில் சித்திரையை ஒட்டி நடக்கும் திருவிழாவுக்கு மலேசியா, சிங்கப்பூர் எங்கும் உள்ள செட்டிக் குடும்பங்கள் ஊர் திரும்புகின்றன. கிராமத்து முகப்பில் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. சிங்கப்பூரில் இந்திய மரபுடைமை நிலையம் 2018இல் இவர்களைப் பற்றிய கண்காட்சியை நடத்தியது. அதைப் பார்த்தவர்கள் நேரில் பார்க்க வேண்டிய இடம் இது.

தமிழ் தெரியாத தமிழர் என்று அவர்களிடம் வியப்புக் காட்டாதீர்கள். மொழி மாறியபின்பும் ஐந்நூறு ஆண்டாகப் பொங்கலையும் போகியையும் விடாமல் காத்தவர்கள் அவர்கள். எஞ்சின் சத்தத்தோடு கிராமத்துக்குள் வட்டமடிக்காமல், முகப்பிலேயே நிறுத்திவிட்டு நடங்கள். வீடுகளைப் படமெடுக்குமுன் கேளுங்கள். அருங்காட்சியகத்தின் உண்டியலில் ஏதாவது போடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. உருண்டை பிடித்த கோழிச்சோறும், மலாக்காப் பனைவெல்லம் ஊற்றிய செண்டோலும், நோன்யா லக்சாவும் இந்த ஊருக்குரியவை. சைவம் சாப்பிடுபவர்களுக்கு பெண்டகாரா சாலையின் குட்டி இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும். உஜோங் பாசிரில் உள்ள போர்ச்சுகீசியக் குடியிருப்பில் மாலையில் கடலோரமாக மீன் சாப்பிடலாம். இன்றும் கிறிஸ்தாங் மொழி பேசும் மீனவக் குடும்பங்கள் வாழும் இடம் அது. ஜூன் 29இல் புனித பேதுரு திருநாளுக்குப் படகுகளை அலங்கரிப்பார்கள்.

திரும்பும் வழி

மலாக்காவிலிருந்து 5ஆம் எண் கூட்டரசுச் சாலை, கரையை ஒட்டி மூவார், பத்து பகாட், பொந்தியான் என்று தெற்கே இறங்குகிறது. விரைவுச்சாலையைவிட நேரம் கூடுதல். நிறுத்தி நிறுத்திப் போனால் ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். மோட்டார்சைக்கிளில் வந்ததன் முழுப் பயனும் இந்தச் சாலையில்தான் கிடைக்கும். ஆற்று முகங்கள், மரவீடுகள், பள்ளி விட்டுச் சைக்கிளில் வரும் பிள்ளைகள், சாலையோரம் தேங்காய் உரிப்பவர் என எல்லாவற்றையும் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் கண்ணாரப் பார்த்துக்கொண்டே போகலாம்.

மூவார் 45 கிலோமீட்டர். அந்த ஊர்க்காரர்கள் சாத்தேயைக் காலையிலேயே சாப்பிடுவார்கள். இறால் குழம்பு ஊற்றிய மீ பண்டோங்கும் இலையில் சுட்ட ஓத்தாக்-ஓத்தாக்கும் அங்கே பேர்போனவை. ஆற்றோரத்தில் சுல்தான் இப்ராகிம் பள்ளிவாசல் நிற்கிறது. அதன் எதிரே நிழலில் அரைமணி நேரம் உட்காருங்கள். பத்து பகாட்டில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, பொந்தியானில் தேநீர் குடிக்கலாம். நேரமும் தெம்பும் இருந்தால், ஆசியப் பெருநிலத்தின் தென்முனையான தஞ்சோங் பியாய்க்குப் பொந்தியானிலிருந்து ஒரு கிளைச்சாலை இருக்கிறது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டால் அதை அடுத்த பயணத்துக்கு விட்டுவிடுங்கள்.

பெரும்பகுதி இருவழிச் சாலை, நடுவில் தடுப்பில்லை. எதிரே காரை முந்திக்கொண்டு ஒருவர் உங்கள் பக்கத்துக்கே வருவார் என்று எப்போதும் எதிர்பார்த்து, இடது ஓரமாக ஓட்டுங்கள். பனங்குலை ஏற்றிய லாரியின் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். குலை உருண்டு விழும். மழைத்தூறல் தொடங்கிய முதல் பத்து நிமிடம், சாலையில் படிந்த எண்ணெய் மேலே வந்து வழுக்கும். இருட்டியபின் இந்தச் சாலையில் ஓட்டவே கூடாது. வெளிச்சம் குறைவு, மாடும் நாயும் குறுக்கே வரும்.

பொந்தியானிலிருந்து பெக்கான் நானாஸ் தாண்டி, கேலாங் பாத்தா வழியாக இரண்டாம் இணைப்புக்கு வந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் பிற்பகல் இரண்டு மணிக்குள் பாலத்தில் இருக்கும்படி கணக்குப் போட்டு, மலாக்காவிலிருந்து காலை ஏழரைக்கே கிளம்புங்கள். அதற்கு மேல் ஒவ்வொரு மணி நேரமும் வரிசை நீளும்.

சிங்கப்பூர்ச் சுங்கத்தில் மூன்று விஷயம். மலேசியாவிலிருந்து வருபவருக்கு மதுவுக்கும் சிகரெட்டுக்கும் தீர்வைச் சலுகை கிடையாது; ஒரு பெட்டி சிகரெட் இருந்தாலும் தெரிவித்துத் தீர்வை கட்ட வேண்டும். மின்சிகரெட் முற்றாகத் தடை செய்யப்பட்ட பொருள். பின்னால் இருப்பவரின் பையிலும் இருக்கக் கூடாது. 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்தவருக்குப் பொருள், சேவை வரி விலக்கு 100 வெள்ளி மதிப்புவரைதான். வேலை அனுமதி வைத்திருப்பவர்களுக்கு அந்த விலக்கும் இல்லை. இரண்டு கட்டிப் பனைவெல்லம் வாங்கிவரத் தடையில்லை. வெயிலில் உருகும் என்பதால் எஞ்சினுக்குப் பக்கத்தில் தொங்கும் பையில் வைக்காமல் முதுகுப்பையில் வையுங்கள்.